ஹெல்மெட் அபராதம் கட்டியவர் மீது குற்ற வழக்கு இருக்கிறதா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டிப் பிடிபட்டீர்கள், 1,000 ரூபாய் கட்டினீர்கள். ஒரு நண்பர் "அது பெட்டி கேஸ், சிறு குற்ற வழக்கு, ரெக்கார்டில் ஏறிவிட்டது" என்கிறார். இன்னொருவர் "ஃபைன்தானே, அதெல்லாம் கேஸே இல்லை" என்கிறார். "சிறு குற்றம்" என்றால் சட்டத்தில் என்ன பொருள், பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் விண்ணப்பிக்கும்போது இதைச் சொல்ல வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. பார்க்க ஒரு கேள்வி மாதிரி இருந்தாலும் இதற்குள் மூன்று இருக்கின்றன. செய்தது குற்றமா? குற்றம் என்றால், அதற்காக நீங்கள் தண்டிக்கப்பட்டவரா? கேட்கிற இடத்தில் சொல்லியாக வேண்டுமா? மூன்றுக்கும் பதில் வேறு வேறு. நண்பர்கள் இருவரும் ஆளுக்குப் பாதி சரி.

முதல் கேள்விக்குப் பதிலில் சந்தேகமே இல்லை. செய்தது குற்றம்தான். எந்தச் சட்டமாவது தண்டனை விதிக்கிற செயல் எல்லாமே குற்றம் என்கிறது 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம். தண்டனை ஐந்நூறு ரூபாயா ஆயுள் சிறையா என்று அது பார்ப்பதில்லை. ஜெர்மனியில் சின்னச் சின்ன விதிமீறல்களைக் குற்றவியல் சட்டத்திலிருந்தே பிரித்துத் தனி வகையாக வைத்திருக்கிறார்கள். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலும் குற்றத்துக்குக் கீழே, சிறை கிடையாது, அபராதம் மட்டும் என்று ஒரு படி உண்டு. நம்மிடம் அந்தப் படி கிடையாது. சிக்னலை மதிக்காததும் கொள்ளையடித்ததும் சட்டத்தின் அகராதியில் ஒரே சொல்லில்தான் அடங்குகின்றன.

"சிறு குற்றம்" என்ற சொல்லுக்கு மட்டும் சட்டத்தில் ஓரிடத்தில் விளக்கம் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 229-வது பிரிவு அது. 5,000 ரூபாய்க்கு மேற்படாத அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றம் சிறு குற்றம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இந்த வரம்பு 1,000 ரூபாயாக இருந்தது. அபராதம் "மட்டுமே" என்பதைக் கவனியுங்கள். ஒரு நாள் சிறை என்று இருந்தாலும் அது அந்த விளக்கத்துக்குள் வராது. இதில் ஒரு வேடிக்கை, அதே பிரிவு மோட்டார் வாகனச் சட்டக் குற்றங்களைப் பெயர் சொல்லி விலக்கி வைத்திருக்கிறது. ஏனென்றால் அந்தச் சட்டத்துக்குள்ளேயே சுருக்கமாக முடித்துக்கொள்ளும் வழி இருக்கிறது. ஆக உங்கள் ஹெல்மெட் விவகாரம் பேச்சு வழக்கில் சிறு குற்றம். சட்டத்தின் அந்த விளக்கப்படி அதுவும் இல்லை.

குழப்பத்தின் வேர் "அபராதம்", "ஃபைன்" என்ற சொற்களில் இருக்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று விஷயங்களை நாம் அந்த ஒரு சொல்லால் அழைக்கிறோம். ரயில் உதாரணம் இதைச் சுலபமாகக் காட்டும். டிக்கெட் இல்லாமல் ஏறிவிட்டீர்கள், டிடிஇ வருகிறார். அவர் ரயில்வே சட்டம் 138-வது பிரிவின்படி பயணக் கட்டணத்தையும், அதற்குச் சமமான தொகை அல்லது 250 ரூபாய் இதில் எது அதிகமோ அதையும் வாங்கிக்கொண்டு இஎஃப்டி என்கிற ரசீதைக் கிழித்துக் கொடுக்கிறார். ஊரில் வந்து "ஃபைன் கட்டினேன்" என்போம். உண்மையில் அது மிகைக் கட்டணம். வழக்கு இல்லை, தண்டனை இல்லை, அந்த ரசீதை வைத்துக்கொண்டே மீதிப் பயணத்தைத் தொடரலாம். ஆனால் ஏமாற்றும் நோக்கத்தோடு பயணம் செய்தார் என்று அதே ஆள் மீது 137-வது பிரிவில் நடவடிக்கை எடுத்து ரயில்வே மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினால் கதை வேறு. அதற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அங்கே கட்டுவது நீதிமன்றம் விதித்த தண்டனை. வருமான வரிக் கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்ததற்குக் கட்டும் தாமதக் கட்டணம், சொத்து வரி பாக்கிக்கான வட்டி, நூலக ஃபைன் எல்லாம் முதல் வகை. எந்தப் படிவத்திலும் எங்கும் சொல்லத் தேவையில்லை.

உங்களுடையது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற வகை. செய்தது குற்றம், ஆனால் நீதிமன்றம் போகாமலே முடிந்துவிட்டது. இதைத்தான் காம்பவுண்டிங் என்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-வது பிரிவு, அதில் பட்டியலிட்ட குற்றங்களுக்கு மாநில அரசு குறித்த தொகையை, அரசு குறித்த அதிகாரியிடம் கட்டினால் அதோடு முடித்துக்கொள்ளலாம் என்கிறது. கட்டிவிட்டால் அந்தக் குற்றத்துக்காக மேல் நடவடிக்கை எதுவும் எடுக்கக் கூடாது. மத்திய அரசின் திருத்தம் 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட தொகைகள் 2022 அக்டோபரில் வந்தன. ஹெல்மெட்டுக்கு 1,000 ரூபாய் என்பது அப்போது வந்ததுதான். நீதிபதி தீர்ப்புச் சொல்லவில்லை, நீங்கள் குற்றவாளி என்று யாரும் முடிவு செய்யவில்லை. ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: நீங்கள் தண்டனை பெற்றவர் அல்ல. இதையும் தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் "கட்டியாச்சு, முடிஞ்சது" என்று ஒரேயடியாகக் கை கழுவ முடியாது. 2019 திருத்தம் அந்த 200-வது பிரிவிலேயே இரண்டு வால்களை ஒட்டி வைத்திருக்கிறது. ஒன்று, காம்பவுண்டிங்கில் முடிந்திருந்தாலும் அது முதல் தடவையாகக் கணக்கில் வரும். பொதுப் பிரிவான 177-இல் முதல் தடவை 500 ரூபாய் வரை, அடுத்த தடவை 1,500 வரை என்று இருக்கிறதல்லவா, அந்த "அடுத்த தடவை"யை எண்ணும்போது நீங்கள் சமாதானமாகக் கட்டியதையும் சேர்த்தே எண்ணுவார்கள். இரண்டாவது, லைசென்ஸ். ஹெல்மெட்டுக்கான 194டி பிரிவு 1,000 ரூபாயோடு நிற்கவில்லை. மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பும் அதில் இருக்கிறது. பணம் கட்டியதால் அந்த நடவடிக்கையிலிருந்து விடுதலை கிடையாது என்று சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. போலீஸ் லைசென்ஸைக் கைப்பற்றி ஆர்டிஓவுக்கு அனுப்ப 206(4)-வது பிரிவு அதிகாரம் தருகிறது. தெருவில் நடப்பதைப் பார்த்தால் ஹெல்மெட்டுக்காக லைசென்ஸ் போனவர்கள் கொஞ்சம்தான். இருந்தாலும் ஆர்டிஓவிடமிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால் "நான்தான் ஃபைன் கட்டிவிட்டேனே" என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். அது வேறு நடவடிக்கை, அதற்குத் தனியாகப் பதில் தர வேண்டும்.

இப்போது கையிலிருக்கும் சலானை எடுங்கள். தொகையைப் பார்ப்பதற்கு முன் பிரிவு எண்ணைப் பாருங்கள். தொகை உங்கள் பையைத் தொடுகிறது, பிரிவு உங்கள் பெயரைத் தொடுகிறது. சிவப்பு விளக்கில் நிற்காமல் போன ஒரே செயலை இரண்டு விதமாக எழுத முடியும். 119 உடன் 177 என்று எழுதினால் போக்குவரத்துச் சைகையை மதிக்காதது, அபராதம் மட்டும், அந்த இடத்திலேயே கட்டி முடிக்கலாம். 184 என்று எழுதினால் ஆபத்தாக ஓட்டியது; முதல் தடவைக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 184-இல் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டியதை மட்டும்தான் காம்பவுண்டிங்கில் முடிக்கலாம். சிக்னல் தாண்டியதை 184-இல் எழுதினால் அது கோர்ட்டுக்குத்தான் போகும். குடித்துவிட்டு ஓட்டியதற்கான 185 அந்தப் பட்டியலிலேயே கிடையாது. 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹாலைத் தாண்டினால் முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். அந்தப் பத்தாயிரத்தைக் கட்டுவது நீதிமன்றத்தில், குற்றத்தை ஒப்புக்கொண்டு. அதை "டிராஃபிக் ஃபைன்" என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். அது குற்றத் தீர்ப்பு.

நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டுவதுதான் மூன்றாவது வகை. பெயர் கூப்பிட்டதும் கூண்டருகே போய் நின்று, கேட்டதற்குத் தலையாட்டி, கீழே கவுண்டரில் பணம் கட்டிவிட்டு வெளியே வர அரை மணி நேரம் ஆகாது. அவ்வளவு சீக்கிரம் முடிவதால்தான் அதன் கனம் யாருக்கும் உறைப்பதில்லை. ஒப்புதலின் பேரில் தீர்ப்பு வந்துவிட்டால், தண்டனை சட்டப்படி சரியா, அதிகமா என்பதைத் தவிர வேறெதற்கும் பொதுவாக மேல்முறையீடு கிடையாது. "நான் செய்யவில்லை, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று ஒப்புக்கொண்டேன்" என்று பிறகு சொன்னால் எடுபடுவது கடினம்.

போக்குவரத்தை விட்டு வெளியே வந்தால் இந்த ஆபத்து இன்னும் கூர்மை. தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் "பெட்டி கேஸ்" என்று சொல்வது பெரும்பாலும் பொது இடத்தில் குடித்துக் கலாட்டா செய்தது, சீட்டாடியது, வழியை மறித்துக் கடை போட்டது போன்றவற்றை. 1888-ஆம் ஆண்டு மாநகரக் காவல் சட்டத்தின் 75-வது பிரிவில் போடுவதை "75 கேஸ்" என்றே சொல்வார்கள். "சும்மா ஒரு பெட்டி கேஸ், கோர்ட்டில் ஃபைன் கட்டிட்டுப் போயிடலாம்" என்று சொல்லப்படுவதை நம்பிக் கையெழுத்துப் போடும் இருபது வயதுப் பையன், மூன்று வருடம் கழித்து காவலர் தேர்வில் உடல் தகுதி வரை பாஸாகி, விசாரணைப் படிவத்தின் முன் உட்கார்ந்து விழிப்பான். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 355-வது பிரிவையே பாருங்கள். குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை கொடுத்தால் 24 மணி நேரம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், இல்லாவிட்டால் சமூக சேவை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இதற்கு அபராதம் பத்து ரூபாய். 1860-இல் எழுதிய அந்தப் பத்து ரூபாய் 2024 ஜூன் 30 வரை அப்படியே இருந்தது. பத்து ரூபாய் தண்டனையும் தண்டனைதான்.

சந்தேகத்துக்கு இடமுள்ள பகுதி ஒன்று இருக்கிறது. ஸ்பாட்டிலும் கட்டாமல், நேரில் கோர்ட்டுக்கும் போகாமல், சலான் வழக்குகளை ஆன்லைனிலேயே முடிக்கிற விர்ச்சுவல் கோர்ட் தளத்தில் கட்டினால் அது என்ன? அங்கே பணம் கட்டுவது என்பதே குற்றத்தை ஒப்புக்கொள்வதுதான். வாகனச் சட்டத்தின் 208-வது பிரிவு, அழைப்பாணையில் குறித்த தொகையை ஒப்புதலோடு அனுப்பிவிட்டால் மேற்கொண்டு நடவடிக்கை இல்லை என்றும், ஒப்புக்கொண்டார் என்ற காரணத்துக்காகவே லைசென்ஸைத் தகுதியிழக்கச் செய்யக் கூடாது என்றும் பாதுகாப்புத் தருகிறது. அப்படியானால் அது காம்பவுண்டிங்குக்கு நெருக்கமானது என்று வாதிடலாம். நீதிமன்றத்தில் ஒப்புதல் பதிவாகியிருக்கிறது, ஆகவே தீர்ப்புதான் என்றும் வாதிடலாம். என் கருத்தில் கறாரான படிவம் ஒன்றை நிரப்பும்போது இதைத் தீர்ப்பாகவே வைத்துக்கொண்டு சொல்லிவிடுவது பாதுகாப்பு. சொன்னதால் வேலை போவது அரிது, மறைத்ததால் போவதுதான் வழக்கம்.

அது மூன்றாவது கேள்விக்குக் கொண்டுவருகிறது. படிவம் என்ன கேட்கிறதோ அதற்குப் பதில் சொல்லுங்கள். கேட்காததைச் சொல்ல வேண்டாம், கேட்டதை விட வேண்டாம். பாஸ்போர்ட் சட்டம் கவலைப்படுவது முக்கியமாக இரண்டு விஷயங்களுக்கு. கடந்த ஐந்தாண்டுகளில் ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை பெற்றிருக்கிறாரா, இப்போது குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருக்கிறதா. கட்டி முடித்த ஹெல்மெட் சலான் இரண்டிலும் வராது. கட்டாமல் விட்டு நீதிமன்றம் போன சலான் இரண்டாவதன் வாசகத்துக்குள் வந்துவிடும். சட்டம் "ஒரு குற்றம்" என்றுதான் சொல்கிறது, சின்னது பெரியது என்று பிரிக்கவில்லை. ஆயிரம் ரூபாய்க்காக அந்த வாதத்துக்குள் போவதைவிட, விண்ணப்பிப்பதற்கு முன் கட்டி முடிப்பது மேல்.

அரசு வேலைப் படிவங்களில் "கைது செய்யப்பட்டீர்களா, வழக்குப் பதியப்பட்டதா, தண்டிக்கப்பட்டீர்களா, அபராதம் விதிக்கப்பட்டதா" என்று வரிசையாகக் கேட்பதுண்டு. கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். "நீதிமன்றத்தால் அபராதம்" என்று இருந்தால் உங்கள் ஸ்பாட் ஃபைன் வராது. வெறும் "அபராதம்" என்று மட்டும் இருந்தால் எழுதிவிடுங்கள். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதற்கு வழிகாட்டியது: இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்பக் குற்றத்தை ஒருவர் சொல்லாமல் விட்டிருந்தால், வேலை தருபவர் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம். "விடலாம்" என்றுதான் சொல்கிறது, விட்டாக வேண்டும் என்று அல்ல. சீருடைப் பணிகளில் அளவுகோல் இன்னும் இறுக்கம். தமிழ்நாடு காவல் பணி விதிகளில், சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலையானவரையும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே பார்க்கும் விளக்கம் இருக்கிறது. அங்கே 75 கேஸ் சின்ன விஷயம் அல்ல; வழக்கறிஞரிடம் காகிதங்களைக் காட்டிவிட்டே படிவத்தை நிரப்புங்கள்.

வெளிநாட்டு விசாப் படிவங்களை நம் சட்டத்தின் கண்ணாடியால் படிக்காதீர்கள். அமெரிக்க விசாப் படிவம் கைதானதுண்டா, குற்றத் தீர்ப்பு பெற்றதுண்டா என்று கேட்கிறது. காம்பவுண்டிங் அதில் வராது, 185-இல் கட்டிய பத்தாயிரம் வரும். பிரிட்டன் படிவம் வாகனம் ஓட்டியதற்கான தண்டனையைத் தனியாகவே கேட்கிறது.

கட்டாமல் விட்டால் என்ன என்று பின்னூட்டத்தில் யாராவது கேட்பார்கள். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தை ஆறு மாதத்துக்குப் பிறகு நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்கக் கூடாது என்று காலவரம்பு உண்டு. அதை நம்பிக் காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல. அந்த ஆறு மாதம் ஓடுவது போலீஸ் வழக்கைத் தாக்கல் செய்யும் வரை, உங்களுக்குச் சம்மன் வரும் வரை அல்ல. தாமதத்தை மன்னிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நீதிமன்றம் விதித்த ஃபைனைக் கட்டாவிட்டால் அதற்குப் பதில் சிறை உண்டு. அபராதம் 5,000 ரூபாய் வரை என்றால் அதிகபட்சம் இரண்டு மாத வெறுங்காவல். நடைமுறையில் அதற்கு முன்பே, வண்டியை விற்கப் போகும்போது ஆர்சி பெயர் மாற்றத்தில் பாக்கிச் சலான் குறுக்கே நிற்கும். கேமரா சலான் வண்டி நம்பரைப் பிடித்து ஆர்சியில் இருக்கும் பெயருக்குத்தான் வரும்; விற்ற வண்டிக்குப் பெயர் மாற்றாமல் விட்டவர்கள் அடுத்தவன் ஹெல்மெட்டுக்குக் காசு கட்டுவது இப்படித்தான். வாட்ஸ்அப்பில் சலான் என்று ஏபிகே ஃபைல் (போனில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தால் திறக்காதீர்கள். அது வங்கிக் கணக்கைத் துடைக்கிற வேலை. பரிவாகன் இ-சலான் தளத்தில் நீங்களே போய் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

உங்கள் விஷயத்தில், சலானில் 194டி என்றும் பணம் கட்டிய நிலை முடிந்தது என்றும் இருந்தால், எங்காவது எழுத நேரும்போது இப்படி எழுதலாம்: "மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 194டி, இன்ன தேதி, இன்ன சலான் எண், ரூ.1,000 செலுத்தி பிரிவு 200-இன்கீழ் முடிக்கப்பட்டது, நீதிமன்ற வழக்கு எதுவும் இல்லை." பிரிவு வேறாக இருந்தாலோ நீதிமன்ற வழக்கு எண் ஒன்று இருந்தாலோ மேலே சொன்னது மாறும். கையடக்க இயந்திரம் துப்பிய அந்தச் சின்ன ரசீதை இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். அது வெப்பத்தில் அச்சாகும் தாள், சில மாதத்தில் வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும்.